‘வெள்ளையாத் தெரியுது’ என்றால் புற்றுநோயா?

கேள்வி: எனக்கு வயது 43. இரண்டு பிள்ளைகள். இரண்டாவது சிசேரியனோடு குடும்பக் கட்டுப்பாடும் செய்தாயிற்று. வெள்ளைப்படுதல், வலி என்று எந்தத் தொந்தரவும் இல்லை. பிரஷர், சுகர் பார்க்க வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளர், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து கர்ப்பப்பை வாய் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்கா போனார். ‘வெள்ளையாத் தெரியுது’ என்று ஜி.ஹெச்.சுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். புற்றுநோய்தான் என்று பயந்துபோய் அவர் அங்கே போகவே இல்லை. ஒன்றுமில்லாத எனக்கு இது எதற்கு? வலிக்குமா? தனியாரிடம் பாப் ஸ்மியர் எடுத்துவிடலாமா?
- வாசகி, வேடசந்தூர்

பதில்: முதலில் அந்த அக்காவின் விஷயம். அவசரம் அவருக்குத்தான்.

அவருக்குச் செய்தது வினிகர் சோதனை. 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் கழித்து வெளிச்சத்தில் பார்ப்பார்கள். சமையல் வினிகரும் ஏறக்குறைய இதே காட்டம்தான். மாறத் தொடங்கிய செல்கள் அமிலம் பட்டதும் வெந்த முட்டை வெள்ளைபோல் வெளுக்கும். சிக்கல் என்னவென்றால், கிருமித் தொற்று, ஆறிவரும் புண் இவையும் வெளுக்கும். அதனால்தான் ஜி.ஹெச்.சுக்கு அனுப்புகிறார்கள். அங்கே கால்போஸ்கோப் என்ற கருவியால் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் அரிசி அளவு சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். வெளுத்துத் தெரிந்த பெண்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருக்காது. புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் என்று தெரிந்தாலும் பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் சூடு வைத்தோ, உறைய வைத்தோ, மின்கம்பி வளையத்தால் சீவியோ எடுத்துவிட முடியும். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியிருக்காது. சீட்டை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டால், சோதனை செய்ததே வீண்.

‘ஒன்றுமில்லாத எனக்கு எதற்கு’ என்கிறீர்கள். ஒன்றுமில்லாதவர்களுக்கான சோதனைதான் இது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் ஹெச்.பி.வி. என்ற வைரஸ். தாம்பத்ய உறவில் பரவுவது; பலருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் வந்து, இரண்டு வருடத்துக்குள் தானாகவே போய்விடும். சிலருக்கு மட்டும் தங்கிவிடும். அது புற்றுநோயாக மாற 10 முதல் 20 வருடம் ஆகலாம். அத்தனை வருடமும் வலி இல்லை, அரிப்பு இல்லை. இந்த வைரஸ் எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. இதை வைத்து வீட்டில் யாரையும் சந்தேகப்படுவது அர்த்தமில்லாத வேலை. குடும்பக் கட்டுப்பாட்டில் அடைப்பது கருக்குழாயை. கர்ப்பப்பை வாய் அப்படியேதான் இருக்கிறது. 30 முதல் 65 வயது வரை 5 வருடத்துக்கு ஒருமுறை என்பது 2016-இல் மத்திய அரசு வகுத்த முறை.

இந்த வினிகர் சோதனையின் பலனை நிரூபித்ததில் உங்கள் திண்டுக்கல் மாவட்டத்துக்கே பங்கு உண்டு. பயிற்சி பெற்ற நர்சுகள் கிராமம் கிராமமாக ஒரே ஒருமுறை செய்த சோதனையும் அதைத் தொடர்ந்த சிகிச்சையும் இந்தப் புற்றுநோயால் வரும் மரணத்தை 35 சதவீதம் குறைத்தன என்று 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது.

மாதவிலக்கு நாட்களில் போக வேண்டாம். தொடங்கிய நாளிலிருந்து 10 முதல் 20-ஆம் நாளுக்குள் போவது வசதி. முந்தைய இரண்டு நாள் உறவு, பிறப்புறுப்புக்குள் வைக்கும் மாத்திரை, கிரீம், உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவுவது எதுவும் கூடாது. சாப்பிட்டுவிட்டே போகலாம். அயோடின் அலர்ஜி இருந்தால் முன்பே சொல்லுங்கள். சில இடங்களில் அதையும் தடவிப் பார்ப்பார்கள்.

சிறுநீர் கழித்துவிட்டு, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி விரிக்க வேண்டும். வாத்து அலகுபோல் விரியும் ஸ்பெகுலத்தை உள்ளே வைப்பார்கள். ஜில்லென்று இருக்கும்; அழுத்தம் தெரியும். பலர் பயத்தில் இடுப்பைத் தூக்கிவிடுவார்கள். தசை இறுகி அதனால்தான் வலிக்கிறது. இடுப்பைப் படுக்கையில் அழுத்தி வைத்து, வாயால் மெதுவாக மூச்சு விடுங்கள். ஸ்பெகுலத்தில் சின்ன அளவும் உண்டு, கேளுங்கள். தாங்கவில்லை என்றால் ‘நிறுத்துங்க சிஸ்டர்’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வினிகர் லேசாக எரியும். எல்லாம் ஐந்து, பத்து நிமிடம். அன்று ஓரிரு சொட்டு ரத்தம் படலாம், ஒரு பேட் போதும்.

பாப் ஸ்மியரில் பிரஷ்ஷால் செல்களை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி, உடனே ஆல்கஹாலில் போட வேண்டும். தாமதித்தால் காய்ந்து படிக்க முடியாமல் போகும். ‘மாதிரி போதவில்லை’ என்று ரிப்போர்ட் வந்தால் அது நோயல்ல, திரும்ப எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ‘இன்ஃப்ளமேட்டரி’ என்றிருந்தால் அழற்சி என்று அர்த்தம். அதையும் புற்றுநோய் என்று எண்ணிக் கலங்குபவர்கள் ஏராளம். பாப் ஸ்மியர் என்றால் 3 வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும். பணம் செலவழிப்பதாக இருந்தால் அதைவிட, அந்த வைரஸ் இருக்கிறதா என்று நேரடியாகப் பார்க்கும் ஹெச்.பி.வி. டி.என்.ஏ. சோதனைக்குச் செலவழியுங்கள். மாற்றங்களைத் தவறவிடுவது அதில்தான் குறைவு. உலக சுகாதார நிறுவனமும் 30 வயது முதல் அதைத்தான் பரிந்துரைக்கிறது. மாதவிலக்கு நின்றபின் பார்க்க வேண்டிய பகுதி உள்ளே போய்விடுவதால் வினிகர் சோதனை அவ்வளவாக உதவாது. உங்களுக்கு 43 வயதுதான். இந்த மாதமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகச் செய்துகொள்ளலாம்.

உறவுக்குப் பின் ரத்தம், மாதவிலக்கு நின்றபின் ரத்தம், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருந்தால் மட்டும் இந்தச் சோதனைக்குக் காத்திருக்கக் கூடாது. போன வருடச் சோதனை நார்மலாகவே இருந்திருந்தாலும் நேராக மகப்பேறு மருத்துவரிடம் போக வேண்டும்.

முடிவை வாய்ச்சொல்லாகக் கேட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். என்ன சோதனை, என்று செய்தது, முடிவு என்ன, அடுத்து எப்போது வரவேண்டும் என்ற நான்கையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். பக்கத்து வீட்டு அக்காவின் சீட்டு எத்தனை மாதம் பழசாக இருந்தாலும் பரவாயில்லை. அதை எடுத்துக்கொண்டு ஜி.ஹெச். மகப்பேறு பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களும் துணைக்குப் போங்கள்.