வாக்ஸ் போட்டா எத்தனை மாசம் தாங்கும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னோடது கறுப்பு கலர் கார், வாங்கி ரெண்டு வருஷம் ஆகுது. வீட்டுல ஷெட் இல்ல, வெளியில வேப்பமரத்தடியிலதான் நிக்குது. தீபாவளிக்கு முன்னாடி ஒரு கடையில வாக்ஸ் போட்டேன், ஒரு வருஷம் தாங்கும்னு சொன்னாங்க. பொங்கலுக்குள்ளயே தண்ணி முத்து முத்தா நிக்கிறது போயிடுச்சு. ஏமாத்திட்டாங்களா? வாக்ஸ் நிஜமாவே பெயிண்ட்டை காப்பாத்துமா? – வாசகர், தூத்துக்குடி

பதில்: காப்பாத்தும், ஆனா எதுல இருந்துங்கிறதை தெரிஞ்சுக்கணும். கார் பாடியில தகட்டுக்கு மேல பிரைமர், அதுக்கு மேல கலர், எல்லாத்துக்கும் மேல கிளியர் கோட்னு கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கும். பல கார்ல அது 40, 50 மைக்ரான்தான், ஒரு தலைமுடியோட தடிமனே 70 மைக்ரான் கிட்ட வரும், அப்ப பார்த்துக்கோங்க எவ்வளவு மெல்லிசுன்னு. பளபளப்பு பூரா அதுலதான் இருக்கு. வாக்ஸ் அதுக்கும் மேல ஒரு மைக்ரான் கூட இல்லாம உட்காருது, அழுக்கு, உப்பு, எச்சம் எல்லாம் முதல்ல அது மேல விழணும், கிளியர் கோட்டுக்குப் பதிலா அது தேயணும், அதுக்குத்தான் போடுறோம்.

மரத்தடியில நிக்கிற காருக்கு பெரிய எதிரி காக்கா எச்சம். அதுல வெள்ளையா இருக்கிறது யூரிக் ஆசிட். வெயில்ல பானட் சுடும்போது கிளியர் கோட் லேசா இளகும், எச்சம் அது மேல காய்ஞ்சு சுருங்கும், சாயங்காலம் தகடு ஆறும்போது அந்த இடம் அப்படியே குழிஞ்சு தடம் விழுந்துடும். எச்சத்தை கழுவிட்டு சாய்ச்சுப் பார்த்தா மங்கலா ஒரு வட்டம் தெரியும் பாருங்க, அது அழுக்கு இல்ல, எவ்வளவு துடைச்சாலும் போகாது. வாக்ஸ் இருந்தா உங்களுக்கு கொஞ்ச நேரம் கிடைக்கும், அவ்வளவுதான், நாள் கணக்கா விட்டா வாக்ஸையும் தாண்டி இறங்கிடும். பார்த்த உடனே ஈரத்துணியை அது மேல ரெண்டு நிமிஷம் போட்டு ஊறவெச்சு எடுங்க, காய்ஞ்சதை சுரண்டவே சுரண்டாதீங்க. உங்க ஊர் உப்புக்காத்துக்கும், போர் தண்ணி காய்ஞ்சு விழுற வெள்ளைப் புள்ளிக்கும் இதே கதைதான். ஆனா கல் தெறிக்கிறது, கீறல், இதையெல்லாம் எந்த வாக்ஸும் தடுக்காது. வெயில்ல கலர் மங்காம பார்த்துக்கிற சரக்கு கிளியர் கோட்லயே கலந்திருக்கு, வாக்ஸால அதுல பெருசா உதவி இல்ல.

இப்ப ஒரு வருஷ கதைக்கு வருவோம். டப்பால வர்ற நல்ல வாக்ஸ்ல முக்கியமான சரக்கு கார்னாபா, வடகிழக்கு பிரேசில்ல வளர்ற ஒரு பனை வகை மரத்தோட இலையில இருந்து எடுக்கிறது. அந்த வறண்ட பூமியில இலையில இருக்கிற ஈரம் போகாம இருக்க மரமே பூசிக்கிற மெழுகு அது, இலையை வெட்டி காயவெச்சு தட்டி பொடியா எடுப்பாங்க. சுத்தமான கார்னாபா உருக 82 டிகிரிக்கு மேல வேணும், ஆனா கையில தேய்க்க வசதியா எண்ணெயும் கரைப்பானும் கலந்துதான் விக்கிறாங்க, அதனால அவ்வளவு தாங்காது. மே மாச மத்தியானம் கறுப்பு பானட் 70 டிகிரி வரைக்கும் கூட சுடும். அதனால நம்ம வெயிலுக்கு கார்னாபா வாக்ஸ் ரெண்டு மாசம், மிஞ்சினா மூணு மாசம். வாக்ஸுக்குப் பதிலா தடவுற செயற்கைப் பூச்சு, அதாவது சிந்தெடிக் சீலன்ட்னா, நாலுல இருந்து ஆறு மாசம். நீங்க போட்டது கார்னாபான்னா வாக்ஸ் ஒழுங்கா வேலை செஞ்சிருக்கு, அந்த ஒரு வருஷப் பேச்சுதான் தப்பு. எதைப் போட்டாங்கன்னு டப்பா பேரைக் கேளுங்க.

அதுக்கு முன்னாடி கார் ஷாம்பு போட்டு நல்லா கழுவிட்டு தண்ணி ஊத்திப் பாருங்க, மேல அழுக்குப் படலம் இருந்தாலும் முத்து நிக்காது. கழுவின பிறகும் தண்ணி பாய் விரிச்சா மாதிரி பரவுச்சுன்னா வாக்ஸ் போயிடுச்சு. பாத்திரம் தேய்க்கிற சோப்பு போட்டு கழுவுற பழக்கம் இருந்தா இன்னைக்கே விட்டுடுங்க, வாக்ஸை அதுவே வழிச்சு எடுத்துடும். அடுத்த தடவை நீங்களே போடலாம், நிழல்ல, தகடு ஆறினப்புறம், ரொம்ப மெல்லிசா தடவி, லேசா வெள்ளை பூத்ததும் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால துடைச்சுடுங்க. தடியா போட்டா அதிக நாள் தாங்கும்னு இல்ல, துடைச்சு எடுக்கத்தான் கை வலிக்கும்.

கேள்வி: டீசல் தொட்டுத் துடைச்சா வண்டி பளபளன்னு இருக்கே, அது போதாதா? – வாசகி, கரூர்

பதில்: வேண்டாம்மா. அது வெறும் எண்ணெய்ப் பசை, ரோட்டுல போற தூசி பூரா அதுல ஒட்டும், மறுநாள் துணியால துடைக்கும்போது அந்த மணலே பெயிண்ட்டை கீறும், ரப்பர் பீடிங்கும் கெட்டுப்போகும்.

கேள்வி: சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் பாலிஷ் போடச் சொல்றாங்க. பாலிஷும் வாக்ஸும் ஒண்ணா? – வாசகர், ஓசூர்

பதில்: ஒண்ணு இல்லவே இல்ல. வாக்ஸ் மேல சேர்க்கிறது, பாலிஷ் கிளியர் கோட்டை தேய்ச்சு எடுக்கிறது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போகுது, திரும்ப வராது. கீறலும் மங்கலும் கண்ணுல நல்லா பட்டா மட்டும் போடுங்க, அதுவும் பெயிண்ட் தடிமன் அளக்கிற மீட்டரை வெச்சுப் பார்த்துட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்க, மீட்டர் இல்லாத இடத்துல மெஷின் பாலிஷுக்கு வண்டியை விடாதீங்க.