லேப்டாப் கொதிக்கிறதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பங்குனி முடிவதற்குள் சர்வீஸ் மேசையில் ஒரே புகார்தான் திரும்பத் திரும்ப வருகிறது. அது சம்பந்தமாக வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். லேப்டாப் வாங்கி இரண்டு வருஷம்தான் ஆகிறது. எக்செல் திறந்தாலே ஃபேன் கத்துகிறது, கீபோர்டில் கை வைக்க முடியவில்லை. வைரஸாக இருக்குமா? – திருப்பூர் வாசகர்

முதலில் அதைப் பார்த்துவிடலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் சிபியு, அதாவது புராசஸரின் வேலைப்பளு, நெடுநேரம் 80, 90 சதவீதத்திலேயே நின்றால், எந்த புரோகிராம் அதை இழுக்கிறது என்று கண்டுபிடித்து மூடுங்கள். பத்துக்கும் கீழே இருந்தும் ஃபேன் கத்தினால், சூடு வெளியே போகும் வழி அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

அந்த வழி இப்படி: புராசஸர் மேல் ஒரு செப்புத் தகடு. அதிலிருந்து தட்டையான ஒரு செப்புக் குழாய் ஓரம் வரை போகும். குழாய்க்குள் கொஞ்சம் தண்ணீர் அடைத்திருப்பார்கள். சூடான பக்கம் அது ஆவியாகி, மறுமுனையில் குளிர்ந்து, திரும்ப வந்துகொண்டே இருக்கும். மறுமுனையில் சீப்புப் பல் மாதிரி மெல்லிய தகடுகள் நெருக்கமாக இருக்கும். ஃபேன் காற்றை அதன் வழியாகத் தள்ளுகிறது. அந்தப் பல் இடுக்கு அடைந்தால், ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் பிரயோஜனம் இல்லை.

உங்கள் தொழிலைச் சொன்னதுமே எனக்குப் பஞ்சுத் தூசிதான் நினைவுக்கு வந்தது. தையல் யூனிட்டிலிருந்து வந்த ஒரு லேப்டாப்பைப் போன மாதம் திறந்தேன். வெளியே காற்றுத் துளை சுத்தமாகத்தான் தெரிந்தது. ஃபேனைக் கழற்றினால், ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு மாதிரி ஒரு படலம். ட்வீசரால் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன், முழுசாக ஒரே துண்டாக உரிந்து வந்தது. வேறு எதையும் தொடவில்லை. மாட்டியதும் சத்தம் நின்றுவிட்டது.

வெளியிலிருந்து ஊதினால் இந்தப் படலம் போகாது, உள்ளே தள்ளப்பட்டு ஃபேனில் சிக்கும். அடி மூடியைத் திறந்துதான் எடுக்க வேண்டும். நீங்களே செய்வதானால் சார்ஜரை எடுத்து, ஷட் டவுன் செய்து, உள்ளே பேட்டரி கனெக்டரையும் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். வீட்டு வேக்குவம் கிளீனர் வேண்டாம், அதில் உண்டாகும் ஸ்டாட்டிக் மின்சாரம் போர்டைக் கெடுக்கலாம். உங்கள் இடத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்தாக வேண்டும்.

பேஸ்ட் மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். அவசியமா? அவசரத்துக்கு டூத்பேஸ்ட் போடலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். – மதுரை மாணவர்

டூத்பேஸ்ட் வேண்டவே வேண்டாம். சில நாளில் காய்ந்துவிடும், பிறகு முன்பைவிட மோசம்.

தெர்மல் பேஸ்ட்டின் வேலை, சிப்புக்கும் செப்புத் தகட்டுக்கும் நடுவே இருக்கும் நுண்ணிய இடைவெளியை நிரப்புவது. நாலைந்து வருஷ மெஷின்களில் அது வெற்றிலைப் பெட்டியில் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி பொருக்காகிக் கிடக்கும். ஆனால் தேதி பார்த்து மாற்ற வேண்டியதில்லை. முதலில் தூசியை எடுங்கள். அதன் பிறகும் ஒரு வேலை கொடுத்த சில நொடியிலேயே வெப்பம் 95 டிகிரிக்குத் தாவினால் பேஸ்ட்டை மாற்றலாம். பழையதை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, புதியதைக் கொஞ்சமாக வைத்தால் போதும். செப்புத் தகட்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்திலேயே பெரும்பாலும் 1, 2, 3, 4 என்று நம்பர் போட்டிருக்கும், அந்த வரிசைப்படி முடுக்குங்கள். வாரண்டி இருந்தால் கை வைக்காமல் சர்வீஸ் சென்டருக்கே கொண்டு போங்கள்.

கேம் ஆடும்போது 90 டிகிரி காட்டுகிறது. வெடித்துவிடுமா? – கோவை

வெடிக்காது. பல இன்டெல் லேப்டாப் சிப்புகளுக்கு எல்லையே 100 டிகிரிதான். அதை நெருங்கினால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், மீறினால் மெஷின் அணைந்துவிடும். கேமிங் லேப்டாப்பில் 85, 90 சகஜம். ஆனால் முதல் பத்து நிமிஷம் நன்றாக ஓடி, அப்புறம் கேம் திக்கித் திக்கி வந்தால் மெஷின் சூடு தாங்காமல் வேகத்தைக் குறைக்கிறது. மேலே சொன்ன சுத்தம் செய்யுங்கள்.

உடனடியாக ஒன்று செய்து பாருங்கள். விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் ‘மேக்ஸிமம் புராசஸர் ஸ்டேட்’ 100 என்று இருப்பதை 99 ஆக்குங்கள். பெரும்பாலான மெஷின்களில் டர்போ, அதாவது சிப் கூடுதல் வேகம் எடுப்பது, நின்று சூடு சட்டென்று இறங்கும். வேகம் கொஞ்சம் குறையும். படிப்பு, ஆபீஸ் வேலைக்கு அது தெரியவே தெரியாது.

மகள் மெத்தையில் படுத்துக்கொண்டும் மடியில் வைத்துக்கொண்டும்தான் படிக்கிறாள். சொன்னால் கேட்பதில்லை. – ஒரு அம்மா, வேலூர்

அவளுக்கு ஒரு பரீட்சை அட்டை வாங்கிக் கொடுங்கள் அம்மா. மெத்தையில் வைத்தாலும் அந்த அட்டை மேல் வைக்கட்டும். பெரும்பாலான லேப்டாப்புகள் அடிப்பக்கத் துளை வழியாகத்தான் காற்றை இழுக்கின்றன, மெத்தை அந்தத் துளையை அப்படியே மூடிவிடுகிறது. மடி விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் சூடு பட்டால் தொடையில் வலை பின்னியது போல் செம்பழுப்புத் தழும்பு விழும். பலருக்கு, சூட்டை நிறுத்தினால் மெல்ல மறையும். மறையாவிட்டால் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கூலிங் பேட் வாங்கலாமா?

அடியில் துளை இல்லாத மாடலுக்கு வீண் செலவு. துளை இருந்தால், முதலில் பின்பக்கத்தை ஓரங்குலம் தூக்கி வைத்துப் பாருங்கள், பாதிப் பலன் அதிலேயே கிடைக்கும். எந்த பேடும் அறையின் காற்றைத்தான் ஊதும். அறையே 40 டிகிரி என்றால் அதற்குக் கீழே இறக்காது.

மூடி பையில் வைத்த லேப்டாப், ஆபீஸ் போய் எடுத்தால் சுடுகிறது.

மூடினால் அது ஸ்லீப்தான் ஆகிறது. புதிய விண்டோஸ் மெஷின்கள் ஸ்லீப்பிலும் உள்ளுக்குள் விழித்துக்கொள்ளும், பைக்குள் காற்றுக்கு வழி ஏது? பயணத்துக்கு ஷட் டவுன், அல்லது திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டு முழுசாக அணையும் ஹைபர்னேட்.

டச்பேட் மேலே எழும்பி நிற்கிறது, கிளிக் ஆகவில்லை. அடி மூடியும் லேசாக வளைந்திருக்கிறது. தினமும் சார்ஜரிலேயே ஓடுவதால் எனக்குத் தொந்தரவு இல்லை. இது சூட்டினாலா? – சேலம்

வந்த கேள்விகளில் என்னைப் பதற வைத்தது இதுதான். உங்கள் பேட்டரி உப்பியிருக்கிறது. லித்தியம் பேட்டரி நாள் முழுக்க 100 சதவீதத்திலும் சூட்டிலும் இருந்தால் சீக்கிரம் கெடும், உள்ளே வாயு சேரும். இனி அதை ஆன் செய்யாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். டச்பேடை அழுத்திச் சமப்படுத்தப் பார்க்காதீர்கள். காற்றை இறக்குகிறேன் என்று ஊசியால் குத்துவது தீயில் முடியும். துணி, காகிதம் இல்லாத இடத்தில் வைத்து, தெரிந்த டெக்னீஷியனிடம் கொடுத்துக் கழற்றுங்கள். கழற்றியதைக் குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்குபவர்களிடம் சேருங்கள். புதியது போட்டதும், உங்கள் மெஷினில் வசதி இருந்தால் சார்ஜ் வரம்பை 80 சதவீதத்தில் நிறுத்திவையுங்கள். அதெல்லாம் பிறகு. இப்போது எழுந்து போய் அந்தச் சார்ஜரைக் கழற்றுங்கள்.