வகுப்பு ஏற ஏறச் செயல்பாடுகள் குறைய வேண்டாமா? ஆறாம் வகுப்பிலும் விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தால் எப்போது படிப்பது?

இந்தக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்றாம் வகுப்பில் இருக்கும் சின்னவள் வெட்டுவதும் ஒட்டுவதுமாக இருப்பது சரி, ஆறாம் வகுப்பில் இருப்பவனுக்கும் அதே கூத்தா, ஒன்பதாவது படிக்கும் மூத்தவனின் நோட்டு நிறைந்திருக்கிறது, நடுவில் இருப்பவனின் நோட்டு மட்டும் காலியாகக் கிடக்கிறது என்று விளக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் 'கூத்து' என்ற சொல்தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்துவிட்டது.

பதினேழு வருடமாகக் கணக்கும் அறிவியலும் எடுக்கிறேன். பெரிய பள்ளி இல்லை. ஆள் குறைந்தால் யார் வேண்டுமானாலும் எந்த வகுப்புக்கும் போவோம். அதனால் மூன்றாவது, ஆறாவது, ஒன்பதாவது மூன்றிலும் நின்று தொண்டை வற்றியவள் நான்.

முதலில் உங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். கூத்து என்று சொல்லத்தக்க செயல்பாடுகள் உண்டு. நானே செய்திருக்கிறேன். ஆறாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தும்போது, ஆறு துண்டு, எட்டு துண்டு என்று கோடு போட்டு அச்சடித்த வட்டங்களைக் கொடுத்து, வெட்டி வண்ணம் தீட்டி ஒட்டச் சொன்னேன். இரண்டு பீரியட் போனது. சுவர் முழுக்க அழகான வட்டங்கள். தலைமையாசிரியர் வந்து பாராட்டிவிட்டுப் போனார். மறுநாள் 1/6 பெரிதா 1/8 பெரிதா என்று கேட்டேன். பாதி வகுப்பு 1/8 என்றது. எட்டு ஆறைவிடப் பெரிதாம். யோசித்துப் பார்த்தால் தப்பு என்னுடையது. எங்கே கோடு போடுவது என்பதை அச்சகம் முடிவு செய்துவிட்டது. பிள்ளைகளுக்கு மிஞ்சியது கத்தரிக்கோல் வேலை. அடுத்த வருடம் ஒரே நீளமுள்ள காகிதப் பட்டைகளை வெறுமனே கொடுத்து, நீங்களே ஆறாக மடியுங்கள், எட்டாக மடியுங்கள் என்றேன். எட்டு சுலபமாக வந்தது. ஆறாக மடிக்கத் திணறினார்கள். அந்தத் திணறலில்தான் 'மடிப்பு கூடினால் துண்டு சின்னதாகுது மிஸ்' என்று ஒருவன் சொன்னான். சுவரில் ஒட்ட எதுவும் இல்லை. பாராட்டும் இல்லை.

இப்போது நான் சொல்ல வந்த கதை.

ஒரு பிப்ரவரி மாதம். ஒரே நாளில் இரண்டு ஆசிரியைகள் லீவு. 'மூன்று வகுப்பையும் சேர்த்து மைதானத்தில் வைத்துச் சமாளியுங்கள்' என்று எனக்கு உத்தரவு. மூன்றாவது, ஆறாவது, ஒன்பதாவது, எல்லாம் என் தலையில். கொஞ்சம் கோபத்தோடுதான் ஒரு மீட்டர் கம்பை மணல் நிரப்பிய வாளியில் நட்டேன். மூன்றாம் வகுப்பு, கால் மணிக்கு ஒரு முறை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைத்துப் பக்கத்தில் மணி எழுத வேண்டும். ஆறாம் வகுப்பு அளந்து அட்டவணை போட்டு வரைபடம் வரைய வேண்டும். ஒன்பதாம் வகுப்பு இந்தக் கம்பை வைத்துக் கொடிக்கம்பத்தின் உயரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இது ஏதோ திட்டமிட்ட பாடம் என்று நினைக்காதீர்கள். பிள்ளைகள் அடித்துக்கொள்ளாமல் இருந்தால் போதும் என்பதுதான் அன்றைய என் பாடக்குறிப்பு.

ஐந்து நிமிடம் ஆகவில்லை, மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, 'கம்பு சாஞ்சிருக்கு மிஸ்' என்றாள். எப்போது பார்த்தாலும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கும் பிள்ளை. 'சும்மா இரு, புள்ளி வை' என்று சொல்லிவிட்டேன். அரை மணி கழித்து ஒன்பதாம் வகுப்பு சொன்ன கொடிக்கம்பத்தின் உயரம் எங்கள் மாடியைவிடக் குறைவாக இருந்தது. அப்புறம்தான் நூலில் கல்லைக் கட்டித் தூக்குக்குண்டு மாதிரி பிடித்துப் பார்த்தோம். கம்பு நன்றாகவே சாய்ந்திருந்தது. போட்ட புள்ளிகளை எல்லாம் அழித்து மறுபடி ஆரம்பித்தோம். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். 'அப்பவே சொன்னேன்ல' என்றாள்.

பதினொரு மணிக்குக் கம்பின் நிழல் 60 செ.மீ., கொடிக்கம்பத்தின் நிழல் 4 மீட்டர் 20 செ.மீ. வடிவொத்த முக்கோணம் (அளவு வேறானாலும் வடிவம் ஒன்றே) என்று நோட்டில் பக்கம் பக்கமாக எழுதிய ஒன்பதாம் வகுப்புக்கு, வெயிலில் நிற்கும் இரண்டு கம்புகளுக்குள் அந்த முக்கோணங்களைப் பார்க்கக் கால் மணி ஆனது. பார்த்த பிறகு ஒரே நிமிடத்தில் 7 மீட்டர் என்று சொல்லிவிட்டார்கள். நிழலை வைத்துத் தேல்ஸ் என்ற பண்டைய கிரேக்க அறிஞர் பிரமிடின் உயரத்தையே அளந்தார் என்று ஒரு பழைய கதை உண்டு. அதைச் சொன்னேன். கொடிக்கம்பத்துக்குப் பிறகு சொன்னதால் கேட்டார்கள்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு உறைத்தது. 'நிழல் எப்போது ரொம்பச் சின்னதாக இருக்கும்?' என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டேன். ஒன்பதாம் வகுப்பு கோரஸாக, '12 மணிக்கு நிழலே இருக்காது மிஸ்' என்றது. அத்தனை பேரும். சரி, பன்னிரண்டு வரட்டும் என்று விட்டுவிட்டேன். வந்தது. நிழல் 44 செ.மீ. 'இதோ இருக்கே அண்ணா' என்று மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் காட்டினான். கேலியே இல்லை, நிஜமாகவே உதவி செய்கிற குரல். 12.15க்கு 43. 12.30க்கு 42½. 12.45க்கு மறுபடி 43½. ஆகச் சின்ன நிழல் 12.25ஐ ஒட்டி எங்கேயோ இருக்கிறது.

நிழல் அறவே மறைவது கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையில் உள்ள இடங்களில் மட்டும்தான். அங்கேயும் வருடத்தில் இரண்டே நாள். மற்ற நாட்களில் சூரியன் ஆக உயரத்தில் இருக்கும் உச்சி நேரத்திலும் நிழல் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அந்த உச்சியும் கடிகாரத்தின் பன்னிரண்டு இல்லை. கடிகார நேரம் ஊருக்கெல்லாம் பொதுவாக வைத்துக்கொண்டது. பூமி மணிக்கு 15 பாகை சுற்றுகிறது, அதாவது ஒரு பாகைக்கு 4 நிமிடம். பொது நேரத்துக்கு உரிய தீர்க்கக் கோட்டிலிருந்து மேற்கே ஒவ்வொரு பாகை தள்ளிப் போகும்போதும் உச்சி 4 நிமிடம் தாமதமாகும். அது போக, பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்வு. அதனால் வருடத்தில் சில நாட்கள் உச்சி கால் மணி நேரம் வரை முன்னே பின்னே போகும். பிப்ரவரி நடுவில் சுமார் 14 நிமிடம் தாமதம். இதில் பாதி அன்று எனக்கே தெரியாது. வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு மறுநாள் வந்து சொன்னேன்.

இனி ஒரு சிறு புலம்பல், பொறுத்துக்கொள்ளுங்கள். மதிய இடைவேளையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து 1.00, 1.15 புள்ளிகளை வைத்துவிட்டுப் போனார்கள். ஆறாம் வகுப்பு 1.30க்கு வந்து அளக்க வேண்டும். வந்து பார்த்தால் அந்தப் புள்ளிகளின் மேல் ஒரு கார் நிற்கிறது. நிர்வாகத்தைப் பார்க்க வந்த யாரோ. வாளி உருண்டு ஓரமாகக் கிடக்கிறது. ஓட்டுநரிடம் கொஞ்சம் நகர்த்தச் சொன்னேன், 'சார் சொல்லணும்' என்றார். விளையாட்டு மைதானம் எப்போது வாகனம் நிறுத்தும் இடமாக மாறியது என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். ஒரு வருடம் ஓரத்தில் ஒரு கார் நின்றது. அடுத்த வருடம் மர நிழல் முழுக்கக் கார். இப்போது பி.டி. (விளையாட்டு) பீரியடில் பிள்ளைகள் 'கண்ணாடியில் பட்டுவிடும்' என்று பந்தை உருட்டி விளையாடுகிறார்கள். அந்த பி.டி. பீரியடையும் தேர்வு நேரத்தில் கணக்குக்குக் கடன் வாங்கிக்கொள்வார்கள். நானும் வாங்கியிருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் காருக்கு நிழல், பிள்ளைக்கு வெயில் என்பதை மட்டும் என்னால் சீரணிக்க முடியவில்லை. இதை ஆசிரியர் கூட்டத்தில் இரண்டு முறை சொல்லி, இரண்டு முறையும் குறிப்பேட்டில் ஏறாமல் போனது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு புள்ளி போச்சே என்று ஆறாம் வகுப்புக்கு முகம் தொங்கிவிட்டது. வரைபடத்தை விரித்து வைத்து, 'இங்கே என்ன இருந்திருக்கும்?' என்று கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். இது எனக்குக் கஷ்டமான வேலை. கேள்வி கேட்டால் ஆசிரியர்கள் ஒரு விநாடிகூடக் காத்திருப்பதில்லை, மூன்று விநாடி காத்தாலே பிள்ளைகளின் பதில் நீளமாகிறது என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்து 1974இல் எழுதினார். நான் அன்று மூன்று விநாடிக்கு மேலேயே காத்தேன், பேசத் தெம்பில்லாததால். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, 'இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரிதானே இறங்கி ஏறுது' என்றான். ஒன்பதாம் வகுப்புப் பெண் அதைப் பிடித்துக்கொண்டாள். 12.25 நடு என்றால் 1.15க்கு எதிர்ப்பக்கம் 11.35. பதினொன்றரைக்கு 50½ என்று அட்டவணையில் இருக்கிறது, 11.45க்கு 47. அப்படியானால் 1.15க்கு 49ஐ ஒட்டி வர வேண்டும். 1.00க்கு எதிர் 11.50, அது 46 பக்கம். காரின் அடியில் போன இரண்டு புள்ளிகளையும் இப்படித்தான் மீட்டார்கள். இப்படி ஒன்றை முன்கூட்டி யோசித்து வைக்கிற ஆசிரியை நான் இல்லை.

'நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு தினமும் இதைச் செய்ய முடியுமா' என்று யாராவது கேட்பீர்கள். தெரியும். முடியாது. தினமும் செய்யச் சொல்லவும் இல்லை. பாடப்புத்தகத்துக்கு நான் எதிரியும் இல்லை. வாய்ப்பாடு மனப்பாடமாக இருக்க வேண்டும் என்று சொல்லி இளைய ஆசிரியைகளிடம் திட்டு வாங்குகிறவள் நான். பெருக்கல் தெரியாத பிள்ளைக்கு 4.2ஐ 0.6ஆல் வகுக்கும் இடத்தில் கொடிக்கம்பம் நின்றுவிடும். பயிற்சிக் கணக்கு வேண்டும், எழுத வேண்டும், நோட்டும் நிறைய வேண்டும். ஒன்பதாம் வகுப்பு நோட்டு நிறைந்திருந்தும் அந்த '12 மணிக்கு நிழலே இருக்காது' கோரஸ் எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி.

கீழ் வகுப்புக்கு விளையாட்டு, மேல் வகுப்புக்குப் படிப்பு என்று நடுவில் கோடு போடுவதை நான் ஏற்கவில்லை. எந்தப் பாடத்தையும் எந்த வயதுப் பிள்ளைக்கும் ஏதாவது ஒரு நேர்மையான வடிவில் சொல்லிக்கொடுக்கலாம், அதே விஷயத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து ஒவ்வொரு முறையும் ஆழமாகப் போக வேண்டும் என்று ஜெரோம் புரூனர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960இலேயே எழுதிவிட்டார். சுருள் பாடத்திட்டம் என்று பயிற்சி வகுப்புகளில் எங்களுக்கு ஓயாமல் சொல்வார்கள். நான் தூங்கி வழிந்த வகுப்புகள் அவை. ஒரே கம்பைச் சுற்றி மூன்று வகுப்பும் நின்றபோதுதான் அது என்னவென்று எனக்குப் புரிந்தது. மூன்றாவது பார்க்கிறது, ஆறாவது அளக்கிறது, ஒன்பதாவது காரணம் கேட்கிறது. ஒன்பதாவது மூன்றாவதைப் போலப் பார்க்க மறந்துவிட்டால் கோரஸ்தான் மிச்சம்.

உங்கள் ஆறாம் வகுப்புப் பையனிடம் 'இன்னைக்கு என்ன பண்ணீங்க?' என்று கேட்காதீர்கள். 'ஒட்டினோம்' என்பான், உங்களுக்குக் கோபம் வரும். 'நீ என்ன வரும்னு நினைச்சே, என்ன வந்துச்சு?' என்று கேட்டுப் பாருங்கள். அவனுக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் நோட்டு காலியாக இருப்பதைப் பற்றி அவசரப்பட வேண்டாம். பல நாள் கேட்டும் ஒன்றுமே இல்லையென்றால் பள்ளிக்குப் போய்த் தாராளமாகக் கேளுங்கள். அப்போது உங்கள் பக்கம்தான் நான்.

அன்று சாயங்காலமே ஓர் அப்பா போன் செய்து, ஒன்பதாம் வகுப்புப் பையனைச் சின்னப் பிள்ளைகளோடு நாள் முழுக்க வெயிலில் நிறுத்தியதாகப் புகார் சொன்னார். எழுத்தில் விளக்கம் கொடுத்தேன். தொப்பி போடாமல் நிறுத்தியது தப்பு என்று அதில் ஒப்புக்கொண்டேன், அது தப்புதான். வரைபடத்தின் நகலையும் இணைத்தேன். அதற்குப் பதில் வரவில்லை.

வீட்டிலேயே செய்து பார்க்க ஆசைப்பட்டால் மேகம் இல்லாத நாளாகப் பார்த்து, கம்பை நூலும் கல்லும் வைத்து நேராக நிறுத்துங்கள். கார் வராத இடமாக இருக்கட்டும்.