தன்னைக் காட்டாத இருள்

அன்புள்ள ஐயா,

என் பெரியப்பா ஒரு பிரதோஷத்தைக்கூடத் தவறவிட்டதில்லை. சென்ற ஆண்டு சித்தப்பா இறந்ததும், சித்தியின் பங்கு நிலத்தைத் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டார். கேட்டால், “படிக்காதவள், யாராவது ஏமாற்றிவிடுவார்கள். அவளுடைய பாதுகாப்புக்குத்தான்” என்கிறார். உளவியல் படிக்கும் என் மகள் இதற்கு ஏதோ ஆளுமைக் கோளாறின் பெயரைச் சொல்கிறாள். அம்மா “கர்மா” என்கிறார். தீமைக்கு வேர் நோயா, வினையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நோய் என்றால், தீயவன் நம்மைப் போன்றவன் அல்ல என்று நிம்மதியடையலாம். வினை என்றால், பழியைச் சித்தியின் முற்பிறவி மேலேயே போட்டுவிடலாம். இரண்டும் நமக்கு வசதியான பதில்கள்.

1942 ஜூலை 13, போலந்தின் யூசெஃபூவ் கிராமம். ஹாம்பர்க்கிலிருந்து வந்திருந்த ஜெர்மன் ரிசர்வ் போலீஸ் படையில் சுமார் 500 பேர். லாரி ஓட்டியவர்கள், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், பலர் பிள்ளைகுட்டிக்காரர்கள். ஊரிலுள்ள யூதர்களில் வேலைக்கு உதவும் ஆண்களை விட்டுவிட்டு மற்றவர்களைச் சுட வேண்டும் என்பது உத்தரவு. அதைச் சொல்லும்போதே படைத் தலைவர் மேஜர் ட்ராப் கண்கலங்கினார். வயதில் மூத்தவர்களில் முடியாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்றார். விலகியவர்கள் பன்னிரண்டு பேர் அளவில்தான். அவர்களை யாரும் தண்டிக்கவில்லை. அன்று இறந்தவர்கள் சுமார் 1500 பேர்.

சகாக்கள் முன்னால் கோழையாகத் தெரிய வெட்கம் என்கிறது உளவியல். சரிதான். ஆனால் என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. 1960களில் ஹாம்பர்க்கில் நடந்த விசாரணையில் ஓர் உலோகத் தொழிலாளி, தான் குழந்தைகளை மட்டுமே சுட்டதாகச் சொன்னார். பக்கத்தில் நின்றவர் தாயைச் சுடுவார். தாயில்லாத குழந்தை எப்படியும் பிழைக்காது. அதற்கு விடுதலை கொடுப்பதாக நினைத்து மனத்தைத் தேற்றிக்கொண்டாராம். அவர் பயன்படுத்திய ஜெர்மன் சொல், தேவாலயத்தில் இறைவனின் மீட்பைக் குறிக்கவும் வழங்குவது.

இன்று ஆணவம் என்றால் திமிர் என்று எண்ணுகிறோம். சைவ சித்தாந்தத்தில் அது செம்பில் களிம்பு போல, உயிரோடு தொடக்கமின்றி ஒட்டியிருக்கும் மலம், அதாவது அழுக்கு. சைவ சித்தாந்த ஆசிரியரான உமாபதி சிவம் திருவருட்பயன் என்ற நூலில் அதை இருட்டோடு ஒப்பிடுகிறார். இருட்டு பொருள்களை மறைத்தாலும், தான் இருட்டு என்பதையாவது காட்டிவிடும். ஆணவம் தன்னையும் காட்டாது. அந்தத் தொழிலாளியை இவ்வளவு நெருங்கிச் சொன்ன வேறு விளக்கத்தை நான் கண்டதில்லை.

உங்கள் பெரியப்பா பொய் சொல்வதாக நீங்கள் நினைக்கலாம். அவர் அதை மனதார நம்புகிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. பிரதோஷம் அவரைத் தடுக்கவில்லை. “நான் நல்லவன்” என்ற எண்ணத்துக்கு உரம்கூடப் போட்டிருக்கலாம். (கோவிலைக் குறை சொல்லவில்லை. நானும் போகிறவன்தான்.)

சித்தி கையெழுத்திட்டது கிரையமா, தான செட்டில்மெண்டா என்று நீங்கள் எழுதவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திர நகல் எடுத்து, இந்த வாரமே ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பெரியப்பாவின் மலத்தைப் பிறகு ஆராயலாம்.