"எனக்குக் கணக்கு வராது"

வணக்கம்.

என் மகள் நாலாம் வகுப்பு. போன பரீட்சையில் மார்க் குறைந்ததிலிருந்து "எனக்குக் கணக்கு வராதும்மா" என்று நோட்டையே திறக்க மாட்டேன் என்கிறாள். வகுப்பில் முதல் மூன்று பேரை எழுப்பி, கைதட்டச் சொல்கிறார்களாம். "முயற்சி பண்ணு, உன்னால முடியும்" என்று நானும் தினமும் சொல்லிப் பார்த்துவிட்டேன். எங்கள் வீட்டில் யாருக்குமே கணக்கு ஓடாது. இது பிறவியிலேயே வருவதா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

பிறவி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். வீட்டில் யாருக்கும் ஓடாது என்ற பேச்சு அவள் காதில் விழவும் வேண்டாம். தனக்கும் அதுதான் விதி என்று எடுத்துக்கொள்வாள்.

"முயற்சி பண்ணு" என்பது மட்டும் போதாது. எதை, எப்படி முயல்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. விடைத்தாளை எடுத்துக்கொண்டு அவளோடு உட்காருங்கள். இந்த வயதில் நிறையப் பிள்ளைகள் செய்யும் தவறு ஒன்று உண்டு. 402-இல் 157 போனால் மீதி என்ன என்று கேட்டால் 355 என்று எழுதுவார்கள். கவனக்குறைவு இல்லை அது. 2-இல் 7 போகாது, சரி, 7-இல் 2-ஐக் கழிப்போம் என்று ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்னதைக் கழித்திருப்பார்கள். தாங்களாக ஒரு விதியை வகுத்துக்கொண்டு அதைப் பிசகாமல் பின்பற்றியிருக்கிறார்கள். இப்படி யோசிக்கிற பிள்ளைக்கா கணக்கு வராது? "இந்த விடை எப்படி வந்துச்சு, சொல்லு" என்று பொறுமையாகக் கேட்டால்தான் இது வெளியே வரும்.

அப்புறம் நான்கு நூறு ரூபாய்த் தாளும் இரண்டு ஒரு ரூபாய் நாணயமும் அவள் கையில் கொடுத்து, 157 ரூபாய் தரச் சொல்லுங்கள். ஒரு நூறைப் பத்துப் பத்தாக மாற்ற வேண்டும், அதில் ஒரு பத்தைச் சில்லறையாக்க வேண்டும். கடன் வாங்கிக் கழிப்பது அவ்வளவுதான். மீதி 245 அவள் கையிலேயே இருக்கும்.

கைதட்டல் விஷயத்தில் எனக்கு அந்த முதல் மூன்று பேரைப் பற்றியும் கவலை உண்டு. உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்தார்கள். "நீ கெட்டிக்காரி" என்று பாராட்டு வாங்கியவர்கள், நடுவில் கடினமான புதிர்களில் சறுக்கிய பிறகு, முதலில் நன்றாகப் போட்ட அதே தரத்துப் புதிர்களைக்கூட மோசமாகப் போட்டார்கள். உழைப்புக்காகப் பாராட்டு வாங்கியவர்களின் மதிப்பெண் கூடியது. ஆனால் பலன் தராத முயற்சியை வெறுமனே புகழ்ந்துகொண்டிருப்பதும் சரியில்லை, வேறு வழி தேட உதவ வேண்டும் என்று டுவெக்கே பிற்பாடு எச்சரித்தார்.

ஆசிரியரைப் பார்க்கும்போது ரேங்க்கைக் கேட்காதீர்கள். எந்த மாதிரிக் கணக்கில் தடுமாறுகிறாள் என்று கேளுங்கள். தப்பான கணக்குகளை அவள் திரும்பப் போட்டுக் காட்டினால் பார்ப்பீர்களா என்றும் கேளுங்கள். அத்தனை பிள்ளைகளுக்கு நடுவே அவருக்கு நேரம் கிடைப்பது கஷ்டம். அதனால் திருத்திய நோட்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்கள்.