ஃபிஷ் ஃபிங்கர் ஏன் நமுத்துப் போகிறது?

கேள்வி: டெலிவரி ஆப்பில் ஃபிஷ் ஃபிங்கர் பாக்கெட் வாங்குகிறோம். ஃப்ரீசரிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்து, குளிர் விட்டபின் பொரிக்கிறேன். மேல் மாவு கழன்று எண்ணெயில் கொட்டுகிறது. மீதி எண்ணெய் குடித்துச் சதசதவென்று வருகிறது. பாக்கெட் சரியில்லையா, என் பக்குவம் சரியில்லையா?
– வாசகி, ராமமூர்த்தி நகர், பெங்களூரு

பதில்: அந்த அரை மணி நேரம்தான் காரணம். பெரும்பாலான ஃபிஷ் ஃபிங்கர்களைத் தொழிற்சாலையிலேயே சில விநாடிகள் எண்ணெயில் போட்டு எடுத்து, ரொட்டித் தூள் ஒட்டி நிற்கும்படி செய்த பிறகே உறைய வைக்கிறார்கள். மேல் உறை பாதி பொரிந்தது, உள்ளே மீன் பச்சை. வெளியே வைத்தால் மீனிலிருந்து கசியும் நீரை அந்த ரொட்டித் தூள் உறிஞ்சிக்கொள்ளும். ஊறிய தூள் எண்ணெயில் பட்டதும் கழன்றுதான் விழும். ஆகவே எண்ணெய் காய்ந்த பிறகே பாக்கெட்டை ஃப்ரீசரிலிருந்து எடுங்கள். துண்டின் மேல் வெண்பனி இருந்தால் கையால் தட்டிவிட்டுப் போடுங்கள். பனி எண்ணெயில் விழுந்தால் தெறிக்கும்.

அடுத்தது எண்ணெயின் சூடு. 175 முதல் 180 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்தச் சூட்டில் துண்டிலுள்ள நீர் ஆவியாகி வேகமாக வெளியே வரும். அது வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்வரை எண்ணெய் உள்ளே புகாது. சூடு குறைந்தால் ஆவி அடங்கிவிடும், துண்டு எண்ணெய் குடிக்கும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் பாக்கெட்டின் அடியில் உதிர்ந்து கிடக்கும் தூளில் ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள். உடனே நுரைத்து மேலே வந்தால் பதம். அடியில் தங்கி மெதுவாக எழுந்தால் இன்னும் காய வேண்டும். போட்டதுமே கருகினால் அடுப்பைக் குறைத்து ஒரு நிமிடம் பொறுங்கள்.

பத்துத் துண்டையும் ஒரே ஈடாகப் போட்டால், எவ்வளவு காய்ந்த எண்ணெயானாலும் சூடு சட்டென்று இறங்கிவிடும். சின்ன வாணலியில் அரை லிட்டர் எண்ணெய் என்றால் ஒரு ஈட்டுக்கு நான்கு, மிஞ்சினால் ஐந்து. போட்ட முதல் 40 விநாடி கரண்டி படவே கூடாது; உறை இறுகும் நேரம் அது. பிறகு திருப்பிவிடுங்கள். துண்டின் கனத்தைப் பொறுத்து மூன்று முதல் நான்கு நிமிடம் ஆகும். பாக்கெட்டில் வேறு நேரம் போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஆரம்பத்தில் சலசலவென்று வரும் குமிழி அடங்கி, நிறம் பொன்னிறமானதும் எடுக்கலாம். கனமான ஒரு துண்டை நடுவில் பிட்டுப் பார்த்தால் மீன் வெள்ளையாக இதழ் இதழாகப் பிரிய வேண்டும், ஆவி பறக்க வேண்டும். கண்ணாடி போலத் தெரிந்தால் இன்னும் வேகவில்லை. அடுத்த ஈடு போடுவதற்கு முன் எண்ணெய் மறுபடி காயட்டும். விழுந்த தூளை ஜல்லிக்கரண்டியால் அரித்துவிடுங்கள். கிடந்து கருகினால் அடுத்த ஈடு கசக்கும்.

நன்றாகப் பொரித்த பிறகும் பலர் கெடுத்துக்கொள்வது இங்கேதான்: டிஷ்யூ விரித்த தட்டில் அடுக்கி மூடி வைப்பது. ஆவி வெளியேற வழியில்லாமல் பத்து நிமிடத்தில் நமுத்துவிடும். கம்பி வலை மீது ஒன்றையொன்று தொடாமல் பரப்பி வையுங்கள், மூட வேண்டாம். எலுமிச்சை பிழிவது தட்டில் வைத்த பிறகு.

எண்ணெய் அதிகம் வேண்டாம் என்றால் தோசைக்கல்லிலும் செய்யலாம். நான்கு மேசைக்கரண்டி எண்ணெய், நடுத்தரத் தீ, நான்கு பக்கமும் திருப்பித் திருப்பி எட்டு நிமிடம். தீயைக் கூட்டினால் மேலே கருகி உள்ளே குளிர்ந்து நிற்கும்.

வாங்கும்போது பொருட்பட்டியலைப் படியுங்கள். அளவில் அதிகமானது முதலில் வரும். முதலில் மீன் இல்லாமல் மாவோ ரொட்டித் தூளோ இருந்தால் அதை விட்டுவிடுங்கள். மீன் இத்தனை சதவீதம் என்று போட்டிருந்தால் கணக்குப் பார்ப்பது எளிது: 300 கிராம் பாக்கெட்டில் 60 சதவீதம் என்றால் நீங்கள் வாங்குவது 180 கிராம் மீன். விலையை அதோடு ஒப்பிடுங்கள். முழு மீன் சதையில் வெட்டியதா, அரைத்துச் சேர்த்ததா என்பதையும் பாருங்கள். அரைத்தது மென்மையாக இருக்கும், நீரும் கூடுதலாக விடும். எங்கள் பரிந்துரை முழுச் சதைதான்.

கேள்வி: ஆப்பில் வந்த பாக்கெட்டில் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளே ஐஸ் கட்டியாக இருந்தது. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: தாராளமாகக் கேளுங்கள். துண்டுகள் உதிரி உதிரியாக இருக்க வேண்டும். ஒட்டிக்கிடப்பதும் ஐஸ் கட்டிகளும் வழியில் எங்கோ இளகி மறுபடி உறைந்ததைக் காட்டும். மைனஸ் 18 டிகிரியில் காக்க வேண்டிய பொருள் இது. வாங்கியதுமே பிரித்து, படம் எடுத்து, லேபிளில் பேட்ச் எண்ணும் தேதியும் தெரியும்படி ஆப்பிலேயே புகார் பதியுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. காலாவதி தேதியையும் விடாதீர்கள்: டெலிவரியின்போது ஆயுளில் 30 சதவீதமோ 45 நாளோ மீதமிருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் இணைய விற்பனையாளர்களுக்குச் சொல்லியிருக்கிறது.

உங்கள் ஃப்ரீசரையும் ஒருமுறை பாருங்கள். ஃப்ரீசர் கதவிலோ உள்ளேயோ நட்சத்திரக் குறி இருந்தால், ஒன்று மைனஸ் 6, இரண்டு மைனஸ் 12, மூன்று மைனஸ் 18. மின்சிக்கன நட்சத்திரம் வேறு, இது வேறு. ஒற்றை நட்சத்திரம் என்றால் வாங்கிய ஓரிரு நாளில் சமைத்துவிடுங்கள். கரண்ட் நீண்ட நேரம் போய்த் துண்டுகள் முழுக்க இளகியிருந்தால் மறுபடி உறைய வைக்காதீர்கள்.

கேள்வி: ஏர் ஃப்ரையர் வாங்கத்தான் வேண்டுமா? வீட்டில் கன்வெக்ஷன் மைக்ரோவேவ் இருக்கிறது.
– வாசகி, கோரமங்களா, பெங்களூரு

பதில்: இதற்காக மட்டும் வாங்க வேண்டாம். கன்வெக்ஷன் மோடில் 200 டிகிரிக்கு முன்சூடு செய்து, உயரமான கம்பி ஸ்டாண்டில் துண்டுகளைப் பரப்பி, மேலே லேசாக எண்ணெய் தடவி 15 முதல் 18 நிமிடம், பாதியில் திருப்புங்கள். ஏர் ஃப்ரையரில் இதே சூட்டில் எட்டு முதல் பத்து நிமிடத்தில் முடியும், வேறுபாடு நேரத்தில்தான். சாதாரண மைக்ரோவேவ் மோடு மட்டும் கூடாது. அது உள்ளிருக்கும் நீரைச் சூடாக்கி உறைக்குள் தள்ளும், உறை காயாது. கம்பி ஸ்டாண்டை அந்த மோடில் வைத்தால் தீப்பொறியும் பறக்கும்.