வெளிநாட்டில் மிஷனெரி வாழ்க்கை: வேலைநாள், பண்டிகை, விடுமுறை (கேள்வி பதில்)

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். வெளிநாட்டு ஊழியத்தில் அன்றாடம் எப்படிப் போகும், பண்டிகை விடுமுறையெல்லாம் உண்டா என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். எந்த நாட்டில் இருக்கிறேன் என்று கேட்டவர்களுக்கு மட்டும் பதில் கிடையாது, காரணம் கீழே வரும்.

அண்ணா, ஒரு சாதாரண நாளில் என்னதான் செய்வீர்கள்? நாள் முழுக்கப் பிரசங்கமா?

பிரசங்கம் வாரத்துக்கு ஒரு மணி நேரம் அமைந்தாலே பெரிது தம்பி. விசா புதுப்பிக்க வரிசையில் நிற்பது, பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, யாராவது ஆஸ்பத்திரியில் இருந்தால் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது, இப்படித்தான் நாள் ஓடும். அப்புறம் மொழி. முதல் ஒன்றிரண்டு வருஷம் மொழி படிப்பதுதான் ஊழியமே, "இன்னும் ஊழியம் ஆரம்பிக்கவில்லையா" என்று அனுப்பிய சபையில் யாராவது கேட்டால் பதறாதீர்கள். 1706ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித்தான் தமிழ் கற்றார். 1715ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது என்றால் அந்த மணலும் அதற்கு ஒரு காரணம்.

இந்த வருஷம்தான் வெளிநாட்டில் எனக்கு முதல் கிறிஸ்மஸ். நினைத்தாலே அழுகை வருகிறது. எப்படிச் சமாளிப்பது?

தங்கச்சி, முதலில் அங்கே கிறிஸ்மஸ் என்றைக்கு என்று விசாரியுங்கள். ரஷ்யாவிலும் செர்பியாவிலும் ஆர்த்தடாக்ஸ் என்கிற கிழக்கத்திய மரபுச் சபைகள் பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி நடப்பதால் நம் கணக்குக்கு ஜனவரி 7 ஆகிவிடும், எத்தியோப்பியாவிலும் அதே நாள்தான். உக்ரைன் 2023ல் சட்டம் போட்டு விடுமுறையை டிசம்பர் 25க்கு மாற்றியது. பிலிப்பைன்ஸில் செப்டம்பரிலேயே கிறிஸ்மஸ் பாட்டு கேட்கத் தொடங்கிவிடும். ஜப்பானில் டிசம்பர் 25 பொது விடுமுறையே இல்லை, கடைத்தெருவெல்லாம் விளக்கு எரியும், ஆனால் வழக்கம்போல ஆபீஸுக்குப் போகிற நாள்தான் அது.

வீட்டில் நடப்பதை அப்படியே அங்கே நடத்திக் காட்ட முயற்சி செய்யாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. நடக்காது, நடக்காததே அழுகையைக் கூட்டும். முதல் வருஷம் அந்த ஊர் சபை எப்படிக் கொண்டாடுகிறது என்று பார்த்து அவர்கள் பின்னால் போங்கள், என்ன வேலை கொடுத்தாலும் செய்யுங்கள், நாற்காலி அடுக்குவதானாலும் சரி. சொந்த ஊர் ஆராதனையை நேரலையில் ஒரு முறை பாருங்கள், நாள் பூராவும் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்காதீர்கள். உங்களைப் போலவே ஊருக்குப் போக முடியாத மாணவர்கள், கூலி வேலைக்கு வந்தவர்கள் கட்டாயம் இருப்பார்கள், அவர்களில் ரெண்டு பேரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். இதெல்லாம் செய்த பிறகும் ராத்திரி அழுகை வந்தால் அழுங்கள், அதை விசுவாசக் குறைவு என்று சொல்பவரிடம் அன்றைக்குப் போன் பேச வேண்டாம்.

ஈஸ்டரும் தேதி மாறுமா?

மாறும். 2024ல் நமக்கு மார்ச் 31, பெரும்பாலான ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கு மே 5. 2025ல் இரண்டுமே ஏப்ரல் 20. டிக்கெட் போடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு ஓய்வுநாள் என்கிறோம், ஊழியருக்கு அன்றுதானே அதிக வேலை?

சில நாடுகளில் ஞாயிறு விடுமுறையே இல்லை. நேபாளத்தில் சபைகள் பெரும்பாலும் சனிக்கிழமை கூடும், வளைகுடாவில் பல சபைகளுக்கு வெள்ளிக்கிழமை ஆராதனை பழக்கம். எந்த நாளானாலும் ஆராதனை நாள் உங்களுக்கு வேலைநாள், அதை ஓய்வுக் கணக்கில் எழுதாதீர்கள். வேறொரு நாளைத் தேர்ந்தெடுத்து, போனை அணைத்து, சபையாரிடமும் சொல்லிவிடுங்கள். ரகசியமாக ஓய்வெடுத்தால் யாராவது கதவைத் தட்டத்தான் செய்வார்கள்.

சில வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருகிறீர்களே பிரதர், அது நல்ல லீவுதானே?

இதைக் கேட்டால் எங்கள் வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். சபை சபையாகப் போய் அறிக்கை கொடுக்க வேண்டும், காணிக்கை கொடுத்து ஊழியத்தைத் தாங்குகிறவர்களைப் பார்க்க வேண்டும், மருத்துவப் பரிசோதனை, பிள்ளைகளின் சான்றிதழ், மாதக்கணக்கில் பெட்டியைத் திறந்து மூடி வாழ்கிற வாழ்க்கை. வந்து இறங்கியதும் முதல் ரெண்டு வாரம் எந்தக் கூட்டத்துக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அயர்லாந்து மிஷனெரி ஏமி கார்மைக்கேல் 1895ல் இந்தியா வந்து 1951ல் இறக்கும்வரை தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். உண்மைதான், மதிக்கிறேன். ஆனால் அதை எல்லோருக்கும் அளவுகோலாக வைக்கிற மிஷன் கமிட்டியோடு எனக்கு ஒத்துப்போகாது.

காணிக்கைப் பணத்தில் குடும்பத்தோடு சுற்றுலா போவது சரியா? படம் போடலாமா?

கேள்வியில் கொஞ்சம் காரம் இருக்கிறது, பரவாயில்லை. உங்கள் ஆபீஸ் சம்பளத்தில் நீங்கள் லீவில் போவதை யாரும் கேட்பதில்லையே. ஊழியருக்குக் கொடுக்கிற உதவித்தொகை அவர் குடும்பம் வாழ்வதற்கு, வருஷத்தில் ஒரு வாரம் பிள்ளைகளோடு எங்காவது போவதும் வாழ்வதில் அடங்கும். ஆனால் ஒரு திட்டத்துக்கென்று வந்த காணிக்கையில் கை வைக்கக் கூடாது, அதில் பேச்சே இல்லை. தாங்குகிறவர்களுக்கு அனுப்பும் ஜெபக்கடிதத்தில் "ஒரு வாரம் ஓய்வெடுத்தோம்" என்று நேராக எழுதிவிடுங்கள், மறைத்தால்தான் கதை கட்டுவார்கள்.

சுற்றுலாப் படத்தைவிட எனக்குப் பயம் விசுவாசிகளின் படம்தான். நேபாளத்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் சட்டத்தில், ஒருவரை மதம் மாற்றினால் ஐந்து வருஷம்வரை சிறை. அப்படிப்பட்ட சட்டம் உள்ள நாட்டில் உங்கள் கிறிஸ்மஸ் குரூப் போட்டோ அடுத்தவர் வீட்டுக்குப் போலீசைக் கொண்டுவரலாம். முகம், ஊர்ப் பெயர், கட்டடம் எதுவும் வேண்டாம். நான் இருக்கும் நாட்டைச் சொல்லாததும் இதனால்தான்.

பிள்ளைகள் "நம்ம ஊர்" என்று எதைச் சொல்வார்கள்?

அவர்கள் வளர்ந்த ஊரை. தாத்தா பாட்டிக்கு வருத்தமாகத்தான் இருக்கும். ஊருக்கு வந்தால் பிள்ளைகள்தான் விருந்தாளி, எனவே "ஏன் தமிழ் சரியாப் பேசல" என்று கூட்டத்தில் நிறுத்திக் கேட்காதீர்கள். அங்கே பள்ளியில் கொண்டாடும் பண்டிகைகளில் எதில் சேரலாம், எதில் வேண்டாம் என்பதை அந்த ஊர் விசுவாசிகளிடம் கேட்டு முடிவெடுங்கள், எது வழிபாடு எது வெறும் விளையாட்டு என்று நம்மைவிட அவர்களுக்குத் தெரியும்.

வெளிநாட்டில் இருக்கும் ஊழியர்களுக்குக் கிறிஸ்மஸுக்குப் பார்சல் அனுப்பலாமா அண்ணா?

அனுப்பும் முன் அவர்களையே கேளுங்கள், சில நாடுகளில் சுங்கவரி பொருளின் விலையைத் தாண்டிவிடும். போன் பண்ணுங்கள், அங்கே மணி என்ன என்று பார்த்துவிட்டு.